எட்டு மில்லி காற்று

பழைய ஆல்டோ சாக்சபோன் தேடுகிறவர் முன்னால் வழக்கமாக ஐந்து பெயர்கள் வந்து நிற்கும்: கான், பூஷர், மார்ட்டின், கிங், செல்மர். முதல் மூன்றும் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்னும் ஒரே சிறு நகரத்தில் பிறந்தவை. கிங், ஓஹியோ மாநிலத்துக் கிளீவ்லாந்தைச் சேர்ந்தது. செல்மர் பிரெஞ்சு நிறுவனம். ஐந்தும் பித்தளை, ஐந்திலும் விரல் வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் 1940களின் கான் 6எம் என்ன விலைக்குப் போகிறதோ, அதைப் போலப் பல மடங்கு கொடுத்து 1950களின் செல்மர் மார்க் 6-ஐ வாங்க ஆள் இருக்கிறது. அந்தப் பணம் எதற்கு? கருவிக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

‘டூயட்’ (1994) படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு ஆல்டோவின் குரல் பழக்கமானதுதான். அந்தக் குரல் பித்தளையிலிருந்து வருவதில்லை. அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றுக்கு வடிவம் கொடுத்துப் பிடித்து வைப்பதே பித்தளையின் வேலை. பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846-இல் பாரிசில் காப்புரிமை பெற்றபோது தேர்ந்தெடுத்த வடிவம் கூம்பு. வாய் வைக்கும் பக்கம் சுமார் 12 மில்லிமீட்டர் விட்டம். அங்கிருந்து சீராக விரிந்துகொண்டே போய், கடைசியில் 12 சென்டிமீட்டர் அகல மணிவாயாகத் திறக்கும்.

கூம்பு ஏன்? கிளாரினெட்டின் உட்குழல் பெரும்பகுதி உருளை. அதில் ‘ச’ ஊதிக்கொண்டிருக்கையில் ஸ்தாயிச் சாவியைத் தட்டினால் ஒலி மேல் ‘ச’வுக்குப் போகாது, அதையும் தாண்டி மேல் ஸ்தாயி ‘ப’வில் போய் நிற்கும். ஒரு முனை மூடிய உருளையின் இயல்பு அது. அதே ஒற்றை நாணல் ரீடைக் கூம்பில் பொருத்தினால் ‘ச’விலிருந்து நேராக மேல் ‘ச’. அதனால் இரண்டு ஸ்தாயிக்கும் ஒரே விரலமைப்பு போதும். வெறும் வடிவ மாற்றத்தால் கற்கும் பாரம் பாதியானது!

கணக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஆல்டோவின் மிகக் கீழான ஸ்வரம் வினாடிக்கு சுமார் 139 அதிர்வு. ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். ஓர் அதிர்வு முடிவதற்குள் ஒலி இரண்டரை மீட்டர் ஓடிவிடும். அதில் பாதி, ஒன்றேகால் மீட்டர், கூம்பின் நீளமாக இருக்க வேண்டும். வளைந்து மடங்கிய ஆல்டோவை நிமிர்த்தி அளந்தால் அதற்குச் சற்றே குறைவாக வரும். குறைகிற நீளம் எங்கே போயிற்று?

வெட்டப்பட்டுவிட்டது. கூம்பு என்றால் கூர்முனை வேண்டும். கூர்முனையில் எப்படி ஊதுவது? ஆகவே நுனியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இல்லாமலே கருவி செய்யப்படுகிறது. காற்றுக்கோ அந்த நுனி தேவை. இல்லாத நுனியின் கொள்ளளவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய எட்டு மில்லி வரும், இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கும் மூடி கொள்ளும் அளவு. ஊதுமுனையின் உள்ளறை, ரீடின் அசைவையும் சேர்த்து, அந்த எட்டு மில்லிக்கு ஈடாக நடிக்க வேண்டும். நடிப்பு சரியாக இருந்தால், உள்ளே ஓடும் அலை முழுக் கூம்பு இருப்பதாகவே நம்பும். பிசகினால் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு ஒட்டாது. குழல் குட்டையாகிற மேல் ஸ்வரங்களில்தான் பிசகு அதிகம் உறைக்கும். அங்கே அந்த எட்டு மில்லி, மொத்தக் காற்றில் பெரிய பங்கு.

பழைய கருவி வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடமும் இதுவே. 1920, 30களின் ஊதுமுனைகளுக்கு அகன்று உருண்ட உள்ளறை. பிறகு ஒலிபெருக்கிகளோடு போட்டி போடக் கூர்மையான குரல் தேவைப்பட்டதால் அறை குறுகியது. இன்றைய குறுகிய ஊதுமுனையை 1920களின் பூஷரில் மாட்டி ஊதிவிட்டு, பழைய சாக்சபோனில் சுருதி நிற்காது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தப்பு கருவியுடையதாக இல்லாமலிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. செவ்வியல் கலைஞர் சிகர்ட் ராஷர், பூஷரையும் அகன்ற அறை ஊதுமுனையையும் கடைசிவரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதன் காரணம் விளங்கும். கான் நிறுவனமோ 6எம் கழுத்திலேயே ஒரு திருகு வளையம் வைத்தது. ஊதுமுனையைத் தொடாமல் வளையத்தைச் சுற்றிச் சுருதி கூட்டலாம். கெட்டிக்கார ஏற்பாடு, தேய்ந்துபோனால் காற்று கசியும் இடமும் அதுவே.

சுருதியில் இன்னொரு பொறி இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவில் இரண்டு சுருதிகள் புழங்கின: இன்று நாம் வைத்திருக்கும் வினாடிக்கு 440 அதிர்வு, அதைவிட உயர்ந்த 457. அக்காலக் கருவிகள் பலவற்றில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ‘எல்’ (தாழ்ந்த சுருதி) அல்லது ‘எச்’ (உயர்ந்த சுருதி) என்று பொறித்திருக்கும். ‘எச்’ இருந்தால், பளபளப்பைப் பார்த்து மயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் குழல் முழுவதும், ஒவ்வொரு துளையும், அந்த விகிதத்தில் நெருங்கி அமைந்திருக்கும். ஊதுமுனையை வெளியே இழுத்து ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்தால் மற்றவை கலைந்துபோகும்.

உலோகம் எதுவானால் என்ன என்றால் வாசிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். கிங் சூப்பர் 20-இன் வெள்ளிக் கழுத்துக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. 1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் ஒரே உள்ளளவில் வெள்ளி, செம்பு, மரம் என மூன்று புல்லாங்குழல்களை வைத்துச் சோதித்தார். திரைக்கு அப்பால் கேட்டவர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. எது கையில் இருக்கிறது என்று தெரியாதபடி செய்தபோது வாசித்தவர்களாலும் முடியவில்லை. அது புல்லாங்குழல், இது சாக்சபோன் என்று வாதிடலாம். அப்படி வாதிடுகிறவர்கள் 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாசி ஹாலில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்த கச்சேரிப் பதிவைக் கேட்கட்டும். அன்று அவர் கையில் இருந்தது கிராஃப்டன், லண்டனில் தயாரான வெள்ளை நிற அக்ரிலிக் பிளாஸ்டிக் சாக்சபோன். கேட்டால் பார்க்கர்தான் தெரிவார், பிளாஸ்டிக் தெரியாது. 1994-இல் அவருடைய கிராஃப்டன் ஏலத்தில் 93,500 பவுண்டுக்குப் போனது.

அப்படியானால் இந்த ஐந்தும் எதில் வேறுபடுகின்றன? கூம்பின் விரிவில், துளைகளின் அளவில், துளை விளிம்புகளில். குழலில் ஓட்டை போட்டு, உள்ளிருந்து ஓர் எஃகு உருண்டையை வெளியே இழுத்தால் பித்தளை மேலெழும்பிச் சிறு கிணற்றுச் சுவர்போல் நிற்கும். கான் அந்தச் சுவரின் விளிம்பை வெளிப்புறம் சுருட்டிவிட்டது. துளையை மூடும் தோல் பேடு அதன் மேல் மென்மையாக உட்காரும். மார்ட்டின், தனி வளையங்களைப் பற்றவைத்தது. சுருட்டிய விளிம்பு பார்க்க அழகு. ஆனால் அடிபட்டுக் கோணினால் அரத்தால் ராவிச் சமப்படுத்த முடியாது, ராவினால் சுருள் போய்விடும். பழுது பார்ப்பவர் பொறுமையாகத் தட்டித்தான் நிமிர்த்த வேண்டும். கான் வாங்குகிறவர் முதலில் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டியது இந்த விளிம்புகளை.

எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இடது கட்டைவிரல் நெம்புகோல். அழுத்தினால் மிகச் சிறிய துளை ஒன்று திறந்து, ஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும். முறைப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்தத் துளை வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும். அத்தனை ஓட்டைக்கு எங்கே போவது? கழுத்தில் ஒன்று, உடலில் ஒன்று, இரண்டே போதும் என்று சமாளித்தார்கள். சாக்ஸ் காலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. எதை அழுத்துவது என்று வாசிப்பவர் நினைவில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் அந்த முடிவைக் கருவியே எடுக்கத் தொடங்கியது. இடது மோதிர விரல் கீழே இருக்கும்வரை உடல் துளை திறக்கும். விரலைத் தூக்கிய கணத்தில் அது மூடிக்கொண்டு கழுத்துத் துளை திறக்கும். கட்டைவிரல் அசையவே இல்லை! மின்சாரம் இல்லை, ஊசி வில்களும் கம்பிகளும் மட்டும். கான் 6எம்மில் இதற்கான கம்பி கழுத்துக்கு அடியில் ஓடுவதைப் பார்த்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம்.

செல்மரின் வெற்றியும் விரல்களில்தான். அடி ஸ்வரங்களுக்கான பெரிய மூடிகள் இரண்டும் மணியின் மேல் இருக்கும். அவற்றை அழுத்த வேண்டியது இடது கையின் சுண்டுவிரல், கையிலேயே பலவீனமானது. 1936 வாக்கில் வந்த ‘பேலன்ஸ்டு ஆக்‌ஷன்’ மாடலில் அந்த மூடிகளைச் செல்மர் வலப்பக்கத்துக்கு மாற்றி அழுத்தத்தை இலேசாக்கியது. 1940களின் இறுதியில் இரு கைச் சாவி வரிசைகளையும் நேர்கோட்டிலிருந்து விலக்கி, மணிக்கட்டு இயல்பாக விழும் கோணத்தில் வைத்தது. 1954-இல் மார்க் 6 வந்தபோது எல்லாம் கூடிவிட்டன. இன்று எந்த நாட்டில் புதிய சாக்சபோன் செய்தாலும் பெரும்பாலும் இந்த அமைப்புதான். புதிய கருவியில் பழகிய கைக்கு மார்க் 6 உடனே படிவதும், கான் 6எம் சுண்டுவிரலை நோகவைப்பதும் இதனால்தான்.

ஆனால் ஐந்து இலக்க வரிசை எண் கொண்ட மார்க் 6-க்குக் கூடுதல் மதிப்பு என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. சுமார் இருபது ஆண்டு உற்பத்தியில் ஆல்டோவின் அடிவளைவு நீளத்தையே செல்மர் மாற்றியிருக்கிறது; எண்ணைப் பார்த்துக் குரலைச் சொல்லிவிட முடியாது. இன்னொரு வேடிக்கை: பிரான்சில் செய்த பாகங்கள் பல எல்க்ஹார்ட்டுக்கு வந்து, அங்கே பொருத்தி, லாக்கர் பூசி, பூவேலை செதுக்கப்பட்டு விற்பனைக்குப் போயின. கான் பிறந்த அதே ஊர்!

எந்த மாடலானாலும் கடையில் செய்ய வேண்டியது ஒன்றே. அறையை இருட்டாக்கி, மெல்லிய விளக்குச் சரத்தைக் குழலுக்குள் இறக்கி, மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். பேடு ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே காற்று கசிகிறது. மேலே ஓர் இடத்தில் கசிந்தால் போதும், அதற்குக் கீழான ஸ்வரங்கள் எல்லாம் திணறும். கழுத்துக்குழாய் கீழே அமுங்கி அதன் வட்டம் முட்டை வடிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூம்பின் மிகக் குறுகலான பகுதி அது, அங்கே சிறு நசுங்கலும் பேசும். கடைசியாக, சொந்த ஊதுமுனையை மாட்டி மிகக் கீழான ஸ்வரத்தை மிக மெதுவாக ஊத வேண்டும். உடனே எழுந்தால் விலை பேசலாம். எழாவிட்டால், பேடுகள் முழுவதையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேச வேண்டும்.