திரையிட்ட விளக்கறை

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டரில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஒரு பாறைத் தீவுக் கூட்டம் கிடக்கிறது. ஃபிளானன் தீவுகள் என்று பெயர். அவற்றில் பெரியது எலன் மோர். பெரியதாம், பரப்பு 20 ஹெக்டேர்கூட இல்லை. புனித ஃபிளானன் பெயரில் சிதைந்த சிறு கல்கோயில், லூயிஸ்காரர்கள் மேய்ச்சலுக்குக் கொண்டுவந்து விடும் ஆடுகள், கடற்பறவைகள். இவற்றோடு, 1899 முதல் ஒரு கலங்கரை விளக்கம்.

இந்த விளக்கத்தின் பெயரைச் சொன்னாலே, காணாமல்போன மூன்று காவலர்களைப் பற்றித்தான் பேச்சு போகும். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட பேய்க்கதைகளைவிட, அவர்கள் அன்றாடம் செய்த வேலையைத் தெரிந்துகொண்டால் நடந்தது எவ்வளவோ விளங்கும் என்பது என் எண்ணம்.

கட்டிய கதையே மலைக்க வைக்கும். வடித்துக் கொடுத்தவர் டேவிட் ஆலன் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனுக்குப் பெரியப்பா மகன். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பம் அது. 1895இல் தொடங்கிய வேலை முடிய நான்கு ஆண்டுகள் ஆயின. கட்டுமானப் பொருள் அத்தனையும் படகிலிருந்து 45 மீட்டர் செங்குத்துப் பாறைமேல் ஏற்றப்பட்டது. கோபுரத்தின் உயரம் 23 மீட்டர்தான். குன்றின் உச்சியில் நிற்பதால் விளக்கு கடல்மட்டத்துக்கு மேல் 101 மீட்டரில் எரிந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் படகு ஒதுங்க வேண்டுமே என்று கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு துறைகள். அங்கிருந்து மேலே வரப் படிக்கட்டு. எண்ணெயும் நிலக்கரியும் ஏற்ற, கம்பிவடம் இழுக்கும் தண்டவாள வண்டி. 1899 டிசம்பர் 7 அன்று முதன்முதலாக விளக்கு ஏற்றப்பட்டது.

தீவில் மூன்று காவலர்கள் இருப்பார்கள். இன்னொருவர் முறைவைத்துக் கரையில் இருப்பார். குடும்பங்கள் லூயிஸில் பிரேஸ்கிலீட் என்ற ஊரில். இரவைப் பங்கிட்டுக்கொண்டு யாராவது ஒருவர் எப்போதும் விளக்கோடு விழித்திருக்க வேண்டும். அக்காலத்துச் சுழல் விளக்குகளில் சுடரைவிடப் பெரிய வேலை கண்ணாடிக்கு. பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் கண்ட முறைப்படி, பட்டை பட்டையாக அடுக்கிய முப்பட்டகங்கள் எண்ணெய்ச் சுடரின் ஒளி சிதறாமல் கற்றையாகத் திரட்டிக் கடல்மீது வீசும். அந்தக் கண்ணாடிக் கூட்டைச் சுழற்றுவது ஒரு பொறி. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல, தொங்கும் எடைக்கல்லை இரவெல்லாம் ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை நொடிக்கு இத்தனை மின்னல் என்று ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கணக்கு உண்டு. அதை வைத்துத்தான் மாலுமி தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறான். கணக்குத் தப்பினால் கப்பல் பாறையில் ஏறும்.

விடிந்ததும் அடுத்த வேலை. விளக்கைத் துடைத்து, எண்ணெய்க் கலம் நிரப்பி, கண்ணாடி மெருகேற்றி, விளக்கறைச் சன்னல்களுக்குத் திரையிட வேண்டும். இரவில் ஒளியை வெளியே அனுப்பும் அதே கண்ணாடி, பகலில் சூரிய ஒளியை உள்ளே குவித்துவிடும். திரை இல்லாவிட்டால் விளக்கே பாழாகும்.

1900 டிசம்பர் 7 அன்று, விளக்கேற்றி ஓராண்டு நிறைந்த நாளில், மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட் தீவுக்கு வந்து காவலர்களுடன் கைகுலுக்கி விடைபெற்றார். தலைமைக் காவலர் ஜேம்ஸ் டூகட், தாமஸ் மார்ஷல், உடல்நலமில்லாத ஒருவருக்குப் பதிலாக வந்திருந்த டொனால்ட் மெக்கார்தர். 20ஆம் தேதி வரவேண்டிய மாற்றுப் படகு, கடல் கொந்தளிப்பால் 26ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. ‘ஹெஸ்பெரஸ்’ கப்பல் ஊதியது. மேலிருந்து பதில் இல்லை. காவலர் ஜோசப் மூர் தனியாக மேலே ஏறினார். அடுப்பு அணைந்து பல நாளாகியிருந்தது. கடிகாரம் நின்றிருந்தது. ஆளில்லை.

ஆனால் விளக்கறையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. விளக்கு துடைக்கப்பட்டு, எண்ணெய் நிறைந்து, சன்னல்களில் திரை. சமையல் பாத்திரங்கள் கழுவி வைக்கப்பட்டிருந்தன. குறிப்பேட்டில் 13ஆம் தேதிவரை பதிவு; பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று பலகையில் குறித்திருந்தது 15ஆம் தேதி காலை 9 மணிவரை. காலை வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போனவர்கள், அன்று மாலை விளக்கேற்ற வரவில்லை. இந்தத் தெளிவை நமக்குத் தந்தது அவர்களுடைய ஒழுங்குதான். அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மியூர்ஹெட் விசாரிக்க வந்தார். கிழக்குத் துறையில் சேதமில்லை. மேற்கில், கடலுக்கு 33 மீட்டர் உயரத்தில் கயிறுகள் வைத்திருந்த பெட்டி உடைந்து சிதறியிருந்தது. இரும்புக் கைப்பிடிகள் வளைந்திருந்தன. ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாறை இடம் பெயர்ந்திருந்தது. 60 மீட்டர் உயரத்திலும் புல்தரை பிய்ந்து கிடந்தது. அந்தத் துறை ஒரு குறுகிய பிளவுக்குள் இருக்கிறது; பேரலை உள்ளே புகுந்தால் விரிய வழியின்றி மேலே சீறும். கயிற்றுப் பெட்டியைக் காப்பாற்றப் போனவர்களைக் கடல் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. டூகட்டும் மார்ஷலும் மழையுடையும் கடற்காலணியும் அணிந்து போயிருந்தார்கள். மெக்கார்தரின் மேலங்கி மட்டும் வீட்டிலேயே இருந்தது. ஒருவர் விளக்கை விட்டு நகரக்கூடாது என்பது விதி. டிசம்பர் குளிரில் சட்டையோடு அவர் வெளியே ஓடினார் என்றால், கீழே தோழர்களுக்கு ஆபத்து என்பதைக் கண்டிருப்பார். இது என் ஊகம். ஆனால் வேறு எதுவும் எனக்குப் பொருந்தவில்லை.

1912இல் வில்ஃபிரிட் கிப்சன் எழுதிய கவிதை, கவிழ்ந்த நாற்காலியையும் தொடாத உணவையும் உலகெங்கும் பரப்பியது. மூரின் கடிதத்திலோ மியூர்ஹெட்டின் அறிக்கையிலோ தொடாத உணவு கிடையாது. காவலர்கள் அழுதார்கள், பிரார்த்தித்தார்கள் என்று சொல்லும் குறிப்பேட்டு வரிகளும் பின்னால் வந்த கட்டுக்கதை. கடமையைச் செய்து மாண்ட மனிதர்களைக் கோழைகளாகவும் பித்தர்களாகவும் காட்டும் கதைகள் அவர்களுக்கு இழைத்த அநீதி என்றே நினைக்கிறேன்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. 15ஆம் தேதி இரவே அவ்வழியாகச் சென்ற ‘ஆர்க்டர்’ கப்பல், விளக்கு எரியவில்லை என்று கவனித்திருந்தது. அந்தச் செய்தி கலங்கரை விளக்க வாரியத்துக்கு எட்டவில்லை. லூயிஸ் கரையில் விளக்கைக் கவனிக்க ஆள் போட்டிருந்தும் பயனில்லை. மூடுபனியில் பல நாள் விளக்கு தெரியாதிருப்பது அங்கே வழக்கம்தான். 26ஆம் தேதி மூரும் மூன்று தன்னார்வலர்களும் தீவிலேயே தங்கி விளக்கை ஏற்றும்வரை, நெடுந்தொலைவுக் கப்பல்கள் 11 இரவுகள் அந்த இருட்டைக் கடந்திருக்க வேண்டும். கம்பியில்லாத் தந்தி அத்தீவுக்கு வந்தது 1925இல். 1971 செப்டம்பர் 28 அன்று விளக்கு தானியங்கியாக மாற்றப்பட்டு, கடைசிக் காவலர்களும் கரையேறினார்கள்.