தீப்பெட்டித் தொடர்வண்டி

மதுரை – திண்டுக்கல் இருப்புப்பாதையில் உள்ளது சமயநல்லூர். அவ்வூர் மழலையர்க்குத் தொடர்வண்டி நாளும் காணும் காட்சி. 1975இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் விளையாட்டே கல்வி. அங்கு இவ்வண்டியை அவர்தம் கைகளாலேயே செய்விக்கலாம். வெற்றுத் தீப்பெட்டிகளும் தடித்த நூலும் போதும். ஒவ்வொரு பெட்டியின் உள்தட்டிலும் முன்னும் பின்னும் துளையிடுவது பெரியவர் பணி. நூலைக் கோப்பது குழந்தையின் பணி. நுனியை மெழுகில் தோய்த்தால் நூல் பிரியாது நுழையும். பெட்டிகளுக்கிடையே விரலகல இடைவெளி வேண்டும். நெருக்கிக் கட்டினால் வளைவில் வண்டி கவிழும்.

அழகு கருதிக் கோத்தலையும் பெரியவரே முடித்துவிடுவதுண்டு. அப்போது குழந்தைக்குப் பொம்மை கிடைக்கும். நாளை எழுதுகோல் பிடிக்கவேண்டிய விரல்களுக்குப் பயிற்சி கிடைக்காது. முடிச்சிடும் திறன் மட்டும் பெரும்பாலோர்க்கு 5 வயதுக்குப் பின்னரே வாய்க்கும். அதனைப் பெரியவர் இட்டுத் தரலாம்.