வெடியில்லாத் தீபாவளியும் வேட்டங்குடிக் கண்மாயும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ள சாணார்பட்டி வட்டாரத்தில், மழைநீரைத் தேக்கும் நீர்நிலைக்கு மக்கள் வழங்கும் பெயர் குளம் என்பதாகும். நத்தத்தைத் தாண்டிக் கிழக்கே சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்ததும் அதுவே கண்மாய் ஆகிறது, செங்கல்பட்டுப் பக்கம் ஏரி எனப்படுகிறது. பெயர் எதுவாயினும் அமைப்பு ஒன்றே. சரிவின் குறுக்கே மண்ணால் ஒரு கரை எழுப்பி, மழைநீரைக் கொண்டுவர வரத்துக்காலும், வயலுக்குத் தண்ணீர் திறக்க மடையும், நிறைந்து மிஞ்சும் நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலுங்கும் வைத்து முன்னோர் அமைத்தவை இவை. அறிவியலார் ஈரநிலம் என்று சொல்வது, ஆண்டின் ஒரு பகுதியிலேனும் நீர் நின்று, அந்நீரைச் சார்ந்த செடிகொடிகளும் உயிரினங்களும் வாழும் நிலத்தையே ஆதலால், மனிதர் வெட்டிய குளமும் கண்மாயும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் நிறைந்து, பங்குனி, சித்திரையில் வற்றிச் சேறாகும் இந்த நீர்நிலைகளின் ஆண்டுக்கணக்கைத்தான் உழவரைப் போலவே நீர்ப்பறவைகளும் பின்பற்றுகின்றன.

திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம் எதுவும் இல்லை. சாணார்பட்டியிலிருந்து அருகில் உள்ளது என்று சொல்லத்தக்கது சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி சரணாலயமாகும். வேட்டங்குடிப் பெரிய கண்மாய், பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி என்னும் மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 38.4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 95 ஏக்கர் மட்டுமே. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971 பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. அதன் பட்டியலில் 2025-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஈரநிலங்கள் 20 இடம்பெற்றிருந்தும், அவற்றுள் வேட்டங்குடி இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் தீபாவளி நாளில் இவ்வூரின் பெயர் செய்தித்தாள்களில் தவறாமல் வருகிறது; கண்மாய்க் கரையில் வாழும் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

அச்செய்திகளில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை இங்கே திருத்திக்கொள்வது நல்லது. இங்கு வந்து கூடு கட்டுபவை வெளிநாட்டுப் பறவைகள் என்றும், பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போலச் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையாக இருந்தாலும் உண்மை அதுவன்று. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, வக்கா எனப்படும் இராக்கொக்கு, பாம்புத்தாரா, நீர்க்காகம் என இக்கண்மாய்களின் மரங்களில் முட்டையிடும் பறவைகள் இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியவை. மழையும் மீனும் எங்கு உண்டோ அங்குச் செல்லும் உள்நாட்டு வலசைப் பறவைகள். வலசை என்பது பருவத்தை ஒட்டிப் பறவைகள் இடம்விட்டு இடம் பெயர்வதாகும். நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் மெய்யாகவே வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் போன்றவை குளிர்காலத்தை இங்குக் கழிக்குமேயன்றிக் கூடு கட்டுவதில்லை. முட்டையிடும் காலத்தில் அவை வடக்கே தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. எனவே வேட்டங்குடியில் குஞ்சு பொரிப்பவை விருந்தாளிகள் அல்ல, நம் நாட்டுக் குடிகளே.

அவை கண்மாயைத் தேடி வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத இம்மரங்களின் முள் அடர்ந்த கிளைகளுக்கு நரியும் காட்டுப்பூனையும் நீந்தி வந்து ஏறுவது எளிதன்று. மற்றொன்று இரை. நத்தைகுத்தி நாரையின் அலகை உற்றுப் பார்த்தால், அடியிலும் நுனியிலும் சேர்ந்திருக்கும் மேலலகும் கீழலகும் நடுவில் மட்டும் சேராமல் வளைந்து, பாக்குவெட்டியின் வாய்போல ஓர் இடைவெளி விட்டிருப்பது தெரியும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருப்பதில்லை; வளர வளரத்தான் உண்டாகிறது. இந்த இடைவெளியில் நத்தையை வைத்து ஓட்டை நொறுக்குகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கூர்ந்து கவனித்தவர்கள் கண்டதோ வேறு: நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடித்து, கூரிய கீழலகை ஓட்டின் வாய்மூடிக்கு அடியில் செலுத்தி, தசைப்பிடிப்பை அறுத்து, சதையை மட்டும் உருவியெடுக்கிறது, ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கிறது. ஆழமில்லாத நீரும் நத்தை மலிந்த வயலும் இல்லாத இடத்தில் இப்பறவைக்கு வேலையில்லை.

முட்டையிட்டு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதமும், மஞ்சள்மூக்கு நாரை போன்றவற்றின் குஞ்சு சிறகு முளைத்துப் பறக்க அதன்பின் இரண்டு மாதமும் ஆகும். ஐப்பசியில் கட்டிய கூடு வெற்றியாக முடியத் தை, மாசி வரை மரத்தடியில் நீர் நிற்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். தீபாவளி அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வருவதால், பறவைகள் இணைசேர்ந்து, சுள்ளி பொறுக்கி, முதல் முட்டைகளை இடும் நாட்களோடு அது நேராக மோதுகிறது. வெடிச்சத்தம் கேட்டதும் நூற்றுக்கணக்கான நாரைகள் ஒருசேர எழும்பும்போது கூட்டு விளிம்பிலுள்ள முட்டைகள் உருண்டு நீரில் விழுகின்றன. காவலற்ற கூட்டைக் காக்கைகள் சூறையாடுகின்றன. வெயிலில் சிறகை விரித்து நிழல் தரும் தாய் இல்லாமல் இளங்குஞ்சுகள் துவள்கின்றன. கூடு கட்டத் தொடங்கும் கட்டத்தில் இப்படி இரண்டு மூன்று முறை கலைக்கப்பட்டால், பறவைக் கூட்டம் அந்த ஆண்டுக்கு அவ்விடத்தையே கைவிட்டுவிடுவதும் உண்டு. இதை நூல் படித்து அறிந்ததைவிடக் கரையில் நின்று பார்த்து அறிந்தவர்களே அந்த ஊரார். தீபாவளி மட்டுமன்றித் திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் வெடியையும் ஒலிபெருக்கியையும் தவிர்க்கும் வழக்கம் அப்படித்தான் உருவாயிற்று. இது சட்டம் இட்ட கட்டளை அன்று, ஊர்க் கட்டுப்பாடு. இதைப் பாராட்டும் வகையில் தீபாவளியை ஒட்டி வனத்துறையினர் ஊருக்கு வந்து இனிப்பு வழங்குகின்றனர்.

இத்தகைய கட்டுப்பாட்டை வெறும் கருணை என்று புகழ்ந்து நிறுத்திவிடுவது அம்மக்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அது கலந்த கண்மாய்நீர் மடை வழியே பாயும்போது வயலுக்கு உரமும் சேர்ந்தே போகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் இக்கணக்கை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆட்சியாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏரிப் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டு வேட்டையாடியபோது ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு உறுதிசெய்து கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது கும்பினி அதிகாரிகள் குடிகளுக்கு அளித்த எழுத்துமூல உறுதிமொழி. அது 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ 1972-இல்தான் வந்தது. ஆக, தமிழ்நாட்டில் ஊர்க்காவல் முந்தியது, அரசுக்காவல் பிந்தியது.

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் உறவு இன்னும் நெருக்கமானது. 1994-இல் சரணாலயமான அங்கு, நாரைகள் குளத்து மரங்களோடு நில்லாமல் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. மீன் நாற்றத்தையும் எச்சத்தையும் பொறுத்துக்கொண்டு, கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து அடைத்துவைத்து இரையூட்டும் பழக்கமும் அவ்வூரில் உண்டு. ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டிலும் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை.

கூந்தன்குளத்துக்கும் வேட்டங்குடிக்கும் உள்ள ஒரு வேறுபாடே இப்பொருளில் முதன்மையானது. கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணையின் கால்வாய்நீர் வருவதால் பருவமழை முடிந்து பல மாதங்கள் கழித்தும் அங்குப் பறவைகளைக் காணலாம். வேட்டங்குடி வானம் பார்த்த கண்மாய். மழை பொய்த்த ஆண்டுகளில், ஊர் எவ்வளவு அமைதி காத்தாலும், பறவைகள் வராமலே போனதுண்டு. வரத்துக்காலில் சீமைக்கருவேல் மண்டினாலோ, ஓடையை மறித்து மண் கொட்டப்பட்டாலோ, பெய்த மழையும் கண்மாய்க்கு வந்து சேராது. மேலும், சரணாலய எல்லைக்குள் உயிரினங்களைப் பிடிக்க அனுமதி வேண்டும் என்பதால், மற்ற ஊர்களில் பொதுப்பணத்துக்கு வருவாய் தரும் மீன்பாசி ஏலத்தின், அதாவது மீன்பிடி உரிமை ஏலத்தின் பயன் சரணாலயத்து ஊருக்கு எளிதில் கிட்டுவதில்லை. நத்தம், சாணார்பட்டி, சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் கோடையில் குளம் வற்றும்போது சாதி வேறுபாடின்றி வலையும் ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையுமாக இறங்கி மீன் பிடிக்கும் திருவிழாவை அறிந்தவர்களுக்கு, இது சிறிய இழப்பன்று என்பது புரியும். பண்டிகை மகிழ்ச்சியில் ஒரு பகுதியையும் பொதுவருவாயில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்த ஊருக்கு ஈடாக இனிப்புப் பெட்டி போதாது. ஐப்பசி பிறக்கும் முன் வரத்துக்காலைத் தூர்வாரித் தருவதே தகுந்த ஈடு.

சாணார்பட்டி வட்டாரத்துக்கு இப்பண்பாடு அயலானதன்று. நத்தம் பகுதியிலுள்ள காசம்பட்டி வீரகோவில் காட்டை, தெய்வத்துக்கு அஞ்சிச் சுள்ளியும் ஒடிக்காமல் ஊரார் காத்துவந்ததால்தான், 4.97 ஹெக்டேர் பரப்பே உள்ள அது 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து இச்சிறப்பைப் பெற்ற இரண்டாவது தமிழ்நாட்டுத் தலம் இது. கோயில்காட்டுக்குக் கிடைத்த இந்தக் கவனம் குளங்களுக்குக் கிடைக்கவில்லை. எந்தக் குளத்தில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்குகிறது என்ற குறிப்பு இல்லாத நீர்நிலைக்காக எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது.

அக்குறிப்பை எழுத வல்லுநர் வர வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திவருகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இபேர்ட் இணையத்தளத்தில் பதிவேற்றினால் போதும். குளம் நிறைந்திருக்கும் தை மாதம் அதற்கு ஏற்ற காலமாதலால், வரும் மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டக் குளத்துக்குச் செல்பவர்கள் ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லலாம்.