மரவள்ளித் தேமல் நோயின் வம்சாவளி

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் விவசாயிகளுக்குத் தேமல் நோய் புதிதல்ல. இலைகள் மஞ்சள் திட்டுகளுடன் கோணிச் சுருங்கும், கிழங்கு சிறுக்கும். இந்நோயின் பூர்வீகத்தை அறிந்தால் தடுக்கும் வழியும் புலப்படும்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே இந்நோய் இல்லை. எனவே பயிர் வந்து சேர்ந்த நாடுகளில், ஏற்கெனவே இருந்த செடிகளிலிருந்து இந்த நச்சுயிரி தொற்றியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

நச்சுயிரிகளின் உறவுமுறையை எப்படிக் கண்டறிவது? பழைய பத்திரத்தைப் பலர் பார்த்து எழுதும்போது பிழைகள் சேரும். இரு நகல்களில் ஒரே பிழைகள் காணப்பட்டால், அவை ஒரே படியிலிருந்து வந்தவை எனலாம். தேமல் நச்சுயிரியின் மரபுப்பொருள் இரண்டு வளையங்களாக உள்ளது. ஒவ்வொன்றும் நான்கே எழுத்துகளால் ஆன, சுமார் 2,700 எழுத்து நீளமுள்ள பத்திரம். இவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டே வம்சாவளி வரையப்படுகிறது.

நம் நாட்டு மரவள்ளியில் இந்திய நச்சுயிரி, இலங்கை நச்சுயிரி என இரு வகைகள் உண்டு. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பான செய்தியைக் கூறியது. இலங்கை வகையின் முதல் வளையம் தனி வம்சம். இரண்டாவது வளையமோ இந்திய வகைக்கு நெருங்கிய உறவு. ஒரே செடியில் இரண்டும் சேர்ந்திருந்தபோது, ஒன்றின் வளையத்தை மற்றது பற்றிக்கொண்டது என்பதே இதன் பொருள். நோயுற்ற செடியை வயலில் விட்டுவைப்பது புதுவகை நச்சுயிரி உருவாக இடம் கொடுப்பதாகும்.

2015-இல் கம்போடியாவில் தேமல் நோய் தென்பட்டது. மரபுப்பொருளை ஒப்பிட்டபோது அது இலங்கை வகையே எனத் தெரிந்தது. அவ்வளவு தூரத்தை வெள்ளை ஈ பறந்து கடக்க இயலாது. நோயுற்ற விதைக்கரணை வழியே சென்றிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. நம் ஊரிலும் நோய் வயலுக்கு வயல் பரவ முக்கிய வழி கரணைதான்.

ஆகவே விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. கடும் வெயிலில் தேமல் குறி மறைந்துவிடும். எனவே அறுவடை வரை காத்திராமல், குறி நன்கு தெரியும் பருவத்திலேயே நோயற்ற செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றிலிருந்து மட்டும் கரணை எடுக்க வேண்டும்.

2. இளம்பயிரில் நோயுற்ற செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

3. மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து வெள்ளை ஈயைக் கண்காணிக்க வேண்டும்.

4. வெளியூர்க் கரணையை, அது வெட்டப்பட்ட வயலைப் பாராமல் வாங்கக் கூடாது.

நோய் எதிர்ப்புள்ள இரகங்கள் பற்றி ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தை அணுகி விவரம் பெறலாம்.