புயல் மழைக்கு வீட்டைத் தயார் செய்வோம்



புயல் என்றால் அது மரக்காணத்து மீனவர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் உள்ள கவலை என்று நம்ம மேல்மலையனூர் வட்டாரத்தில் ஓர் எண்ணம் உண்டு. கடல் இங்கிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நடுவிலே செஞ்சி மலை வேறு நிற்கிறது. காற்று அங்கேயே முட்டித் தேய்ந்துவிடும் என்பார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆகையால் இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதி, நானே அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் கடைசி வாரம். உளுந்து விதைநேர்த்தி பற்றிப் பேச ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருப்பதாகச் செய்தி. புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், "புயல் வருமாங்க?" என்று கேட்டார்கள். புயலுக்குத் தீனி கடல்தான், கடலிலிருந்து எழும் சூடான நீராவிதான் அதைச் சுழல வைக்கிறது, தரைக்கு ஏறிவிட்டால் தீனி கிடைக்காமல் காற்று தணிந்துவிடும் என்று விளக்கினேன். "நமக்கு ஏரி நிரம்பும், சந்தோஷப்படுங்க. மாட்டை மட்டும் காத்து மறைவாக் கட்டுங்க" என்றும் சொல்லி வைத்தேன். பின்வரிசையிலே இருந்த ஒரு பெரியவர், "காத்து செத்துடும், சரிங்க ஐயா. தண்ணி எங்க போவும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 29-ந் தேதி அது புயலாயிற்று. ஃபெஞ்சல் என்று பெயர். இந்தப் பக்கத்துக் கடல்களில் வரும் புயல்களுக்குப் பதின்மூன்று நாடுகள் முறை வைத்துப் பெயர் கொடுக்கின்றன. இந்தப் பெயரைக் கொடுத்தது சவுதி அரேபியா. பெயர் அவர்களுடையது, மழை நம்முடையது! 30-ந் தேதி சனிக்கிழமை, கார்த்திகை அமாவாசை இரவு, புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்று நான் சொன்னபடி பெரிதாக இல்லை. ஆனால் கடந்த புயல் நகர்ந்து போகாமல் அங்கேயே மணிக்கணக்காக நின்றுவிட்டது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மயிலம் நமக்கு என்ன தூரம், பக்கத்து ஊர்தானே!

சென்டிமீட்டர் என்றால் பலருக்குக் கணக்குப் பிடிபடுவதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 50 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். பெரியவர் கேட்ட கேள்வி இதுதான். அது அத்தனையும் எங்கே போகும்? மேட்டு நிலத்திலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஏரிக்கு, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு. வழியில் அடைப்பு இருந்தால் நம் வாசலுக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். இதே புயல் மேற்கே போய், மறுநாள் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2-ந் தேதி விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்துவிடப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர், அரசூர் பக்கத்து ஜனங்கள் புயல் போய்விட்டது என்று நினைத்த பிறகுதான் தென்பெண்ணை அவர்கள் வீட்டுக்குள் வந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் இறங்கி ஏழு பேர் இறந்ததும் காற்று அடித்த இரவில் இல்லை, அடுத்த நாள்.

ஆகவே நம்மைப் போன்ற உள்பகுதி ஊர்களுக்குப் புயல் என்பது மூன்று நாள் விவகாரம். அதற்குத் தக்கபடி வீட்டைத் தயார் செய்யவேண்டும்.

முதலில் சுவர். நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் மண்சுவர்தான். மண்சுவருக்குக் காற்றைவிட ஈரமே எமன். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் அடியில் தெறித்துத் தெறித்துச் சுவரின் காலை அரிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடி இளகி, உள்ளே ஈரம் ஊறி, பாரம் ஏறி, மழை விட்டபிறகுகூடச் சரியும். ஐப்பசி பிறந்ததுமே வீட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தெருப்பக்கம் ஓடுமாறு வாட்டம் கொடுத்து விடுங்கள். சுவரின் அடிப்பாகத்தில் பழைய தார்ப்பாயையோ, யூரியா சாக்குகளைப் பிரித்துத் தைத்தோ மறைப்புக் கட்டலாம். வெடிப்பு விட்ட சுவர், ஒரு பக்கம் சாய்ந்த சுவர், பக்கத்து வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன பாழ்ச் சுவர் ஆகியவற்றின் ஓரத்தில் யாரும் படுக்கக் கூடாது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பாய் போடுங்கள். மழை நின்று இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் காயும் வரைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தப் புங்கமரத்தடிக் கூட்டத்துக்கு வந்த ஒருவர், நான் சொன்னபடியே தம் கறவைப் பசுவைக் காற்று மறைவாகக் கட்டினார். மறைவு என்றால் எது? வீட்டின் பின்பக்கத்து மண்சுவர் ஓரம்தான். சனி, ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை பிற்பகல், வானம் வெளுத்து, பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் சுவர் அப்படியே மாட்டின்மேல் சரிந்தது. சங்கத்துக்குப் பால் ஊற்றி வந்த மாடு. பக்கத்திலே முளையில் கட்டியிருந்த கன்று பிழைத்தது. அந்த யோசனையைச் சொன்னவன் நான். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடுகளை எங்கே கட்டுவது என்று இப்போது கேட்டால், கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். மழை வலுக்கும் என்று தெரிந்ததும் மேடான திறந்த இடத்துக்கு ஓட்டிப் போய்க் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். சுவர், பெரிய மரம், மின்கம்பம் மூன்றுக்கும் எட்டத்தில் இருக்கவேண்டும். அவிழ்த்து விட்ட மாடு தண்ணீர் ஏறினால் தானே மேடு தேடிப் போகும். காணாமல் போய்விடுமே என்றால், காதுத் தோடு இருக்கிறது, கண்டுபிடிக்கலாம். ஆடு அப்படியில்லை. நனைந்து குளிரில் விறைத்துவிடும். அவற்றை மேடான, உறுதியான கட்டிடத்துக்குள் அடைத்து வையுங்கள். வைக்கோல் போரின் அடியில் கல்லும் கட்டையும் கொடுத்து உயர்த்தி, மேலே தார்ப்பாய் மூடிக் கயிறு போட்டு விடவேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலைப் பிறகு மாட்டுக்குப் போட்டால் அது வேறு வைத்தியச் செலவு.

அடுத்தது கூரை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகிறது. கூரையைக் காற்று மேலிருந்து அமுக்குவதில்லை, எறவாணத்துக்கு அடியில் புகுந்து தூக்குகிறது. பறந்துவிடக் கூடாது என்று கல்லையும் பழைய டயரையும் கூரைமேல் ஏற்றி வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தகரமோ சிமெண்ட் அட்டையோ தூக்கிக்கொண்டால் அந்தக் கல் யார் தலையில் விழும்? அதற்குப் பதில் தேங்காய் நார்க் கயிற்றைக் கூரையின் குறுக்கும் நெடுக்குமாக வலைபோலப் போட்டு, இரு பக்கமும் தரையில் சாய்வாக அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுங்கள். அட்டைக் கூரையாக இருந்தால் துரு ஏறிய கொக்கி போல்ட்டுகளை மாற்றுங்கள். பத்துப் பதினைந்து ரூபாய் போல்ட்டுக்குச் சோம்பல்பட்டுக் கூரையையே விடுகிறோம்.

மெத்தை வீட்டுக்காரர்கள் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். இருபதுக்கு இருபது அடி மாடியில், தண்ணீர் போகும் குழாய் சருகு அடைத்து, நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் எடை மூன்றரை டன்னுக்கு மேல். 75 கிலோ நெல் மூட்டை ஏறக்குறைய ஐம்பதை மாடியில் அடுக்கிய மாதிரி. துடைப்பம் எடுத்துக்கொண்டு ஒரு நடை மேலே போய் வாருங்கள்.

வீட்டுக்குள் மூன்று நாளைக்கு வேண்டியது இருக்கட்டும். அவல், பொரி, வறுத்த கடலை, கேழ்வரகு மாவு, தீப்பெட்டி, குழந்தை இருந்தால் அதற்கு வேண்டியது, பெரியவர்களின் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை. மின்சாரம் போனால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது, ஆகையால் இருக்கிற குடம் எல்லாம் நிரப்பி மூடி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புத்தகம் நான்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் மாட்டுங்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் டவருக்கும் மின்சாரம் வேண்டும், அது போனால் போனும் ஊமைதான். பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்று இருப்பது நல்லது. ரேடியோவில் உட்கார்ந்துகொண்டு ரேடியோவைப் புகழ்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

எச்சரிக்கைக்கு நிறம் உண்டு. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை. 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடிய மழையைத்தான் அதி கனமழை என்கிறார்கள். சிவப்பு என்று கேட்டால், மண்சுவர் வீட்டுக்காரர்கள் பகலோடு பகலாகப் பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போய்விட வேண்டும். "ராத்திரி பார்த்துக்கலாம்" என்பது வேண்டாம். மேல்மலையனூருக்கு அமாவாசைக்கு வருகிற உறவுக்காரர்கள் இருந்தால், அடுத்த மாதமும் அமாவாசை வரும் என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

இரவில் காற்று திடீரென்று ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். புயலின் நடுவே கண் என்று ஓர் அமைதியான பகுதி உண்டு. அது ஒரு ஊரைக் கடக்கும்போது காற்றே இருக்காது. சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட காற்றில் முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரம் மறுபாதியில் விழும்.

நம்ம ஆட்களை வெளியே இழுப்பது பெரும்பாலும் மோட்டார்தான். கிணற்றில் தண்ணீர் ஏறுகிறதே, மோட்டார் மூழ்குகிறதே என்று நடுராத்திரியில் டார்ச்சு எடுத்துக்கொண்டு போவார்கள். மழைக்கு முன்பே மெயினை நிறுத்தி, பீஸ் கட்டையைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டால் அந்த வேலையே இல்லை. மூழ்கினால் மூழ்கட்டும். தண்ணீர் வடிந்த பிறகு கழற்றிக் காயவைத்து, மெக்கானிக் பார்த்துச் சொல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்குவதும் கூடாது. ஓடுகிற தண்ணீர் முழங்கால் ஆழத்திலேயே ஆளைத் தள்ளிவிடும், பாலம் உள்ளே அரித்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

விடிந்ததும் கையில் கோல் இல்லாமல் கொல்லைப் பக்கம் போகாதீர்கள். பாம்பு நம்மைப் போலவே மேடு தேடி வந்திருக்கும். அறுந்து கிடக்கும் கம்பி, அது தொட்டுக்கொண்டிருக்கும் முள்வேலி, துணிக்கொடி எதையும் தொடாமல் லைன்மேனுக்குச் சொல்லுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கால்நடைக்கு 1962. கிணற்றில் வெள்ளம் இறங்கியிருந்தால் சுகாதார ஆய்வாளரைக் கேட்டு பிளீச்சிங் பவுடர் போடும் வரை கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும்.

பயிர் பற்றி இன்று அதிகம் சொல்ல நேரமில்லை. மழை வருமுன் யூரியா போடாதீர்கள், வடிகாலை வெட்டி விடுங்கள். மூழ்கிய சம்பா நெல்லுக்குத் தண்ணீர் வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் ஓர் இரவு கலந்து வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.

மாடு இறந்துவிட்டால் துக்கத்தில் உடனே புதைத்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் நிவாரணம். ஃபெஞ்சல் புயலுக்குப் பசு ஒன்றுக்கு 37,500 ரூபாய் அரசு அறிவித்தது. நான் அன்று போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டியாகி இருந்தது. மருத்துவர் வரும்வரை பொறுக்கச் சொல்லி, போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி வைத்தோம். அதற்குள் இருட்டிவிட்டது. லாந்தர் வெளிச்சத்தில்தான் மண் தள்ளினார்கள். கன்றுக்கு ஒரு மாதம் புட்டிப்பால்.