பட்டன் கத்தியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வீட்டுக்கு ஒரு கூரியர் பார்சல் வருகிறது. கல்லூரியில் படிக்கும் மகன் ஆவலோடு பிரிக்கிறான். உள்ளே கைக்கு அடக்கமான ஒரு கத்தி. கைப்பிடியில் உள்ள பட்டனை அழுத்தியதும் 'டக்' என்ற சத்தத்துடன் பிளேடு வெளியே வந்து நிற்கிறது. உம்மா பதறிப்போகிறார். "இது சண்டைக்கு இல்லை உம்மா. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்கத்தான். வெளிநாட்டுல எல்லாரும் பாக்கெட்ல வச்சிருக்காங்க" என்கிறான் மகன்.

மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உம்மாவின் பதற்றத்திலும் நியாயம் இருக்கிறது. அன்றாடம் உடன் வைத்திருக்கும் பொருட்களை 'எவ்ரிடே கேரி' என்று சொல்லி, டார்ச், பேனா, பர்ஸ், கத்தி என்று வரிசையாக அடுக்கிக் காட்டும் வீடியோக்களை இன்று நம் பிள்ளைகள் நிறையவே பார்க்கிறார்கள். "கூடாது" என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்தால் அவர்கள் மறைத்து வாங்குவார்கள். எனவே இந்தக் கத்தி எப்படி வேலை செய்கிறது, எதற்குப் பயன்படுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டு பேசுவதே நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

மடக்கு கத்திகளில் பல வகை உண்டு. நம் வீடுகளில் பல காலமாக இருக்கும் பேனா கத்தியை நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டும். அதற்கு இரண்டு கைகள் தேவை. சில கத்திகளில் பிளேடின் மேல் ஒரு சிறு குமிழோ துளையோ இருக்கும். கட்டைவிரலால் தள்ளி ஒரே கையால் திறந்துவிடலாம். இவற்றில் ஸ்பிரிங்கின் வேலை எதுவும் இல்லை.

மூன்றாவது வகையில் நாம் பிளேடைக் கொஞ்சம் தள்ள வேண்டும். மீதி தூரத்தை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளிவிடும்.

நான்காவது வகைதான் பட்டன் கத்தி. இதில் ஸ்பிரிங் எப்போதும் பிளேடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சிறு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் கொக்கி விலகும், பிளேடு தானாக வெளியே வரும். சிலவற்றில் பக்கவாட்டில் திறக்கும். சிலவற்றில் கைப்பிடியின் முனையிலிருந்து நேராகப் பாயும்.

இதன் பயன் ஒன்றே ஒன்று: ஒரு கையால் உடனே திறக்கலாம். ஏணியில் நின்றபடி கயிற்றைப் பிடித்திருப்பவருக்கும், விபத்தில் சிக்கியவரின் சீட் பெல்ட்டை அறுக்க வேண்டியவருக்கும் இது உதவும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பாராசூட் வீரர்களுக்கு இத்தகைய கத்தி கொடுக்கப்பட்டது. மரத்தில் சிக்கித் தொங்கினால் ஒரு கையால் பாராசூட் கயிறுகளை அறுத்து இறங்குவதற்காக. ஆக, இது கொலைக்கென்றே பிறந்த பொருள் என்று சொல்லிவிட முடியாது.

அன்றாட வேலைக்கு ஏற்றதா?

பாக்கெட்டில் வைத்துப் புழங்கும்போது சில குறைகள் தெரியவரும்.

முதலாவது, பாக்கெட்டுக்குள்ளேயே திறந்துகொள்ளும் அபாயம். உட்காரும்போது சாவிக்கொத்தோ செல்போனோ பட்டனை அழுத்திவிட்டால் பிளேடு தொடையில் பாயலாம். நல்ல தயாரிப்புகளில் பட்டனை அழுத்தவிடாத சேஃப்டி இருக்கும். மலிவான கத்திகளில் அது இருக்காது, அல்லது சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

இரண்டாவது, தூசி. சட்டைப் பையில் சேரும் நூல் துணுக்கும் மணலும் உள்ளே போனால் ஸ்பிரிங்கின் வேகம் குறையும். பிளேடு முழுதாக வெளியே வந்து பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நிற்கும். முனையிலிருந்து பாயும் வகையில் இந்தத் தொல்லை அதிகம். அதில் பிளேடு உள்ளும் வெளியும் ஓடுவதற்கு இடைவெளி தேவை என்பதால், பூட்டிய பிறகும் பிளேடு லேசாக ஆடும். அழுத்தி வெட்டும் வேலைக்கு அது சரிப்படாது.

மூன்றாவது, துரு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை எப்படி அரிக்கும் என்பது நமக்குத் தெரியும். சாதாரணக் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். ஸ்பிரிங்கும் கொக்கியும் உள்ளே மறைந்திருக்கும் கத்தியைப் பிரித்துச் சுத்தம் செய்வது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை.

நான்காவதுதான் வீட்டாருக்கு முக்கியமானது. பட்டனும் சத்தமும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகவே தெரியும். மூன்று வயதுப் பிள்ளையால் பேனா கத்தியை எளிதில் திறக்க முடியாது. பட்டனை அழுத்த முடியும்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

1890களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் ஷ்ரேட் பட்டன் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அது வெறும் வசதியான கத்தி. 1950களில் அமெரிக்க நகரங்களின் இளைஞர் கும்பல்களைப் பற்றிய செய்திகளும் திரைப்படங்களும் இக்கத்தியை ரவுடியின் அடையாளமாக மாற்றின. 1958இல் அமெரிக்கா, மாநிலங்களுக்கு இடையே இதன் வணிகத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதே சட்டம் ஒரு கை மட்டுமே உள்ளவருக்கு விலக்கும் அளித்தது: 3 அங்குலத்துக்கு மிகாத பிளேடுள்ள பட்டன் கத்தியை அவர் தம்முடன் வைத்திருக்கலாம். உண்மையான தேவை யாருக்கு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நம் நாட்டில் இதற்கு இணையான கதை உத்தரப் பிரதேசத்தின் ராம்பூருக்கு உண்டு. நவாபுகள் ஆண்ட அந்த ஊரின் கைவினைஞர்கள் செய்த 'ராம்பூரி' மடக்கு கத்தி நாடெங்கும் புகழ்பெற்றது. பின்னர் இந்தித் திரைப்படங்களில் வில்லன்களின் கையில் அது மின்னத் தொடங்கியது. கைத்தொழிலின் பெருமை போய் 'ராம்பூரி' என்றாலே அடியாள் என்றாகிவிட்டது. 2023இல் அவ்வூரில் சுமார் 20 அடி நீளக் கத்திச் சின்னம் ஒன்றை நிறுவி, இழந்த பெருமையை நினைவுபடுத்த முயன்றார்கள். தமிழ்ச் செய்திகளிலும் 'பட்டன் கத்தி' என்ற சொல் எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வழிப்பறி, மிரட்டல், கைது ஆகியவற்றோடுதான் வருகிறது.

இந்தியச் சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகளை ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதில் சேராது. குர்பானிக்கும் கறிக்கடைக்கும் வைத்திருக்கும் நீளமான கத்திகள் வீட்டிலும் கடையிலும் இருப்பதற்குத் தடை இல்லாதது இதனால்தான்.

"அப்படியானால் 4 அங்குலப் பட்டன் கத்திக்குப் பிரச்சினையே இல்லையே" என்று சில இளைஞர்கள் வாதிடுகிறார்கள். அது அவசர முடிவு. குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர இதே சட்டத்தின் 4ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. டெல்லி நிர்வாகம் 1980இல் வெளியிட்ட அறிவிக்கை இதற்குச் சான்று. பிளேடு 7.62 செ.மீ. நீளத்தையும் 1.72 செ.மீ. அகலத்தையும் எட்டினால், ஸ்பிரிங்காலோ பட்டனாலோ திறக்கும் கத்திகள் அங்கே கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. 7.62 செ.மீ. என்பது 3 அங்குலம்தான். சென்னையில் வாங்கிய கத்தியோடு டெல்லியில் ரயிலை விட்டு இறங்கும் மாணவன் இதை அறிந்திருக்க மாட்டான்.

சட்டப் புத்தகத்துக்கு வெளியே இன்னொன்றும் இருக்கிறது. இரவு 11 மணிக்கு வாகனச் சோதனையில் ஒரு இளைஞனின் பாக்கெட்டில் பட்டன் கத்தி கிடைக்கிறது. "பார்சல் பிரிக்க வைத்திருக்கிறேன்" என்ற விளக்கத்தை அங்கே யாரும் பொறுமையாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நம் சமுதாயப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டதுமே சந்தேகம் எழும் சூழலில், அந்தச் சந்தேகத்துக்கு நாமே பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பின்னர் நிரபராதி என்று விடுதலையானாலும் அதுவரை அலைந்த நாட்களும், வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடக்கும் போலீஸ் விசாரணையில் வரும் கேள்விகளும் குடும்பத்துக்குத்தான் பாரம்.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

படிக்கவும் பிழைக்கவும் கடல் கடந்து செல்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு நாட்டில் கடையில் விற்கும் பொருள் அடுத்த நாட்டில் குற்றமாக இருக்கலாம்.

பிரிட்டனில் பட்டன் கத்தியை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் 1959 முதலே குற்றம். 2021 முதல் அதை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். பொது இடத்தில் காரணம் சொல்லாமல் எடுத்துச் செல்லக்கூடியது, 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்கு கத்தி மட்டுமே. "தற்காப்புக்காக" என்பது அங்கே ஏற்கப்படும் காரணம் அல்ல. தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருந்தால் 4 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். கனடாவிலும் பட்டன் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். வளைகுடாவுக்கோ மலேசியா, சிங்கப்பூருக்கோ செல்பவரும் அந்நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் எந்தக் கத்தியையும் பெட்டியில் வைக்கக் கூடாது.

விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது. உம்ரா செல்வோர் முடி கத்தரிக்க எடுத்துச் செல்லும் கத்தரிக்கோலையும் செக்-இன் செய்யும் பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது.

கூர்மையான பொருளை ஏந்துபவரின் பொறுப்பு

மார்க்கம் கத்தியையோ கருவியையோ வெறுக்கச் சொல்லவில்லை. அதை ஏந்துபவர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. அம்புகளோடு பள்ளிவாசலுக்கோ கடைத்தெருவுக்கோ வருபவர், யாருக்கும் காயம் பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதையும் அவர்கள் தடுத்துள்ளார்கள் (அபூதாவூத், திர்மிதி).

அம்பு வேட்டைக்கும் போருக்கும் தேவைப்பட்ட காலம் அது. அப்போதே கூட்டத்தில் நிற்பவரின் பாதுகாப்பு முதலில் வந்தது. நண்பர்கள் நடுவே பட்டனைத் தட்டித் தட்டி விளையாடுவதும், வேடிக்கைக்காக ஒருவரை நோக்கி நீட்டுவதும், திறந்த கத்தியைக் கைமாற்றுவதும் இந்த ஒழுங்குக்கு நேர் எதிரானவை.

அப்படியானால் எதை வைத்துக்கொள்வது?

தேவையை முதலில் கேட்டுக்கொள்வோம். பார்சலும் அட்டைப்பெட்டியும் பிரிப்பதற்கு, பிளேடை உள்ளே இழுத்துக்கொள்ளும் சாதாரண பாக்ஸ் கட்டர் போதும். மழுங்கினால் பிளேடை மாற்றலாம். கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். பழம் நறுக்க, நூல் வெட்ட, திருகு முடுக்க என்று பல வேலைகள் இருந்தால், கத்தரிக்கோலும் ஸ்க்ரூடிரைவரும் சேர்ந்த சுவிஸ் வகை சிறு மடக்கு கத்தி பட்டன் கத்தியைவிட அதிகம் உதவும். அதையும் வேலை உள்ள நாளில் மட்டும் பையில் வைப்பதே சரி. நீதிமன்றம், விமான நிலையம், மெட்ரோ, தேர்வுக்கூடம், பொதுக்கூட்டம் செல்லும் நாளில் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். காரில் அவசரத்துக்கு வேண்டுமென்றால், சீட் பெல்ட் அறுக்கவும் கண்ணாடி உடைக்கவும் தனியாகக் கருவி கிடைக்கிறது. அதன் வெட்டும் முனை உள்ளே மறைந்திருப்பதால் யாரையும் குத்தாது, பார்ப்பவரையும் பயமுறுத்தாது.

எந்தக் கத்தியானாலும் சாணைக்கல்லில் தீட்டிக் கூர்மையாக வையுங்கள். மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கும். உடம்பை விட்டு வெளிப்புறமாக வெட்டுங்கள். மடக்கிய பிறகே அடுத்தவரிடம் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

மகனின் மேசையில் பட்டன் கத்தியைக் கண்டால், அவனை ரவுடி என்று முடிவு கட்டாதீர்கள். "இதை வைத்து என்ன வேலை செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். அவன் பார்சல் என்றால் கட்டரை வாங்கிக் கொடுங்கள். கருவிகள் மீது ஆசை என்றால் நல்ல கருவிப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, வீட்டு வேலைகளை அவன் பொறுப்பில் விடுங்கள். "யாராவது அடிக்க வந்தால்..." என்று அவன் இழுத்தால், கத்தியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். அவனை மிரட்டுபவர் யார், எங்கே, எத்தனை நாளாக என்று தெரிந்துகொள்வது அந்தக் கத்தியைப் பறிப்பதைவிட முக்கியம். தற்காப்புக்கென்று எடுத்த கத்தி ஒரு நொடிக் கோபத்தில் இரண்டு குடும்பங்களை அழித்துவிடும்.

நம் பிள்ளைகளின் கைகள் பிறருக்குப் பயன்தரும் கைகளாகவும், அவற்றால் எவருக்கும் தீங்கு நேராத கைகளாகவும் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக!