வலைகளுக்கும் நிழல் வேண்டும்

மீன்பிடித் தொழிலின் வளர்ச்சியை மதிப்பிடும்போது, பிடிக்கப்பட்ட மீனின் எடை, படகுகளின் எண்ணிக்கை, துறைமுக வசதிகள், ஏற்றுமதியின் மதிப்பு ஆகியவற்றையே நாம் பெரிதும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். இவை அனைத்துக்கும் அடிப்படையான வலை, கயிறு, மிதவை, தூண்டில் இழை முதலிய சாதனங்கள் எவ்வளவு காலம் உழைக்கின்றன என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. 2022-23ஆம் ஆண்டில் நம் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன். இதில் சுமார் 44 லட்சம் டன் கடலிலிருந்தும், எஞ்சியது ஆறு, ஏரி, நீர்த்தேக்கம், குளம் முதலிய உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்தும் கிடைத்தது. குளமாயினும் கடலாயினும், மீனைக் கரை சேர்ப்பது பெரும்பாலும் வலையே.

பாறையில் சிக்கியோ, வேறொரு படகின் விசிறியில் மாட்டியோ வலை கிழிந்தால் மீனவர் அதைக் கண்ணால் காண்கிறார், உடனே செப்பனிடுகிறார். ஆனால் கரையில் வெயிலில் கிடக்கும்போது வலைக்கு நேரும் சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இழை அறுவதில்லை, கண்ணி விரிவதில்லை. வலிமை மட்டும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது. இந்த இழப்பின் தன்மையையும், அதைத் தடுக்கும் எளிய வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழக்கமும் புதிய இழையும்

ஒரு காலத்தில் நம் நாட்டு வலைகள் பருத்தி, சணப்பு, தென்னை நார் ஆகிய இயற்கை இழைகளாலேயே செய்யப்பட்டன. இவ்விழைகளின் பெரும் பகை ஈரம். ஈரத்துடன் குவித்து வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகி, சில நாட்களிலேயே இழை மக்கிவிடும். ஆகவே கடலிலிருந்து திரும்பியதும் வலையை மணலில் விரித்தோ, கம்பங்களில் தொங்கவிட்டோ வெயிலில் நன்கு உலர்த்துவது தொழிலின் முதல் ஒழுங்காக இருந்தது. மரப்பட்டைச் சாறு, காசுக்கட்டி, பனிச்சங்காய்ச் சாறு போன்ற துவர்ப்புப் பொருள்களில் வலையைத் தோய்த்து எடுப்பதும் வழக்கம். பட்டை, காய், கொட்டை என்று இடத்துக்கு இடம் பொருள் மாறினாலும், நோக்கம் ஒன்றே: இழை மக்காமல் காப்பது.

1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய முத்தரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரைப் பகுதியில் மீன்வள அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. 1957இல் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கொச்சியில் நிறுவப்பட்டது. இயந்திரப் படகுகளும் செயற்கை இழைகளும் அடுத்து வந்த ஆண்டுகளில் கடற்கரையெங்கும் பரவின. நைலான் வலை மக்குவதில்லை, எடை குறைவு, வலிமை அதிகம், நீரில் எளிதில் புலப்படுவதில்லை. பருத்தி வலை விரைவிலேயே பின்தங்கியது.

இழை மாறியது, ஆனால் வழக்கம் முற்றிலும் மாறவில்லை. பருத்திக்கு உயிர் கொடுத்த வெயிலே நைலானுக்குப் பகை. ஈரத்தால் மக்காத இழையை வெயிலில் உலர்த்த வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் இன்றும் பல கடற்கரைகளில் நைலான் வலைகள் நாள் முழுவதும் மணலில் விரிந்து கிடப்பதைக் காணலாம். இதை அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. தலைமுறைகளின் அனுபவத்தில் சரியாக இருந்த ஒரு விதி, பொருள் மாறியதும் தவறாகிவிட்டது. அந்த மாற்றத்தை விளக்கிச் சொல்லும் பணி போதிய அளவு நடைபெறவில்லை என்பதே உண்மை.

வெயில் இழையைக் கெடுப்பது எவ்வாறு?

செயற்கை இழை என்பது மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் தொகுப்பு. சங்கிலி நீளமாக இருக்கும் வரை இழைக்கு வலிமையும் நெகிழ்ச்சியும் உண்டு. சூரிய ஒளியில் 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள பகுதியான புற ஊதாக் கதிர்கள் இச்சங்கிலிகளின் பிணைப்புகளைத் துண்டிக்கும் ஆற்றல் கொண்டவை. துண்டான முனைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து வினைபுரிகின்றன. அவ்வினை அடுத்தடுத்த சங்கிலிகளையும் தாக்குகிறது. இறுதியில் இழை நொறுங்கும் தன்மையை அடைகிறது.

இங்கே ஒளியின் பங்கையும் வெப்பத்தின் பங்கையும் பிரித்து அறிதல் வேண்டும். நைலான்-6 உருகுவதற்குச் சுமார் 220 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை; பாலிஎதிலீன் சுமார் 130 பாகையில் உருகும். கோடைக்கால நண்பகலில் மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டினாலும், அந்த வெப்பம் மட்டும் வலையை உருக்கிவிடாது. முதற் குற்றவாளி ஒளி. வெப்பம் அதன் துணை. ஒளி தொடங்கி வைத்த ஆக்சிஜன் வினையை வெப்பம் விரைவுபடுத்துகிறது. ஆகவே மேகமூட்டமான நாளில் வலைக்குக் கேடில்லை என்று எண்ணுவதும் தவறு. புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி மேகத்தையும் ஊடுருவி வருகிறது.

உப்பும் இதற்கு உடந்தை. கடல்நீர் உலர்ந்ததும் இழைகளுக்கிடையே தங்கும் உப்புப் படிகங்களும் மணல் துகள்களும், வலையை இழுக்கும்போதும் மடிக்கும்போதும் இழையை அராவுகின்றன. ஒளியால் ஏற்கெனவே பலவீனமடைந்த மேற்பரப்பு இதனால் மேலும் தேய்கிறது.

எல்லா இழைகளும் ஒன்றல்ல

வெயிலைத் தாங்கும் திறன் இழைக்கு இழை வேறுபடும். பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாத பாலிபுரொப்பிலீன் மிக விரைவில் கெடும். நைலானும் எளிதில் பாதிக்கப்படுவதே. பாலியெஸ்டர் ஒப்பளவில் நன்கு தாங்கும். கயிறுகளுக்கும் இழுவலைகளுக்கும் பயன்படும் பாலிஎதிலீனில், தயாரிப்பின்போதே 2 சதவிகித அளவில் நுண்ணிய கரித்தூள் சேர்த்தால், அது ஒளியை உள்ளே புகவிடாமல் தடுத்து ஆயுளைப் பெரிதும் நீட்டிக்கிறது. கறுப்பு நிறக் கயிறு வெயிலில் நீண்ட நாள் உழைப்பதன் காரணம் இதுவே.

இழையின் பருமனும் முக்கியம். ஒளியின் தாக்குதல் மேற்பரப்பிலிருந்து தொடங்குகிறது. பருமனான கயிற்றில் வெளி அடுக்கு கெட்டாலும் உள்ளிருக்கும் இழைகள் காக்கப்படுகின்றன. செவுள் வலைகளில் பயன்படும் மெல்லிய ஒற்றை இழைக்கு அத்தகைய காப்பு இல்லை. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே. சிறு படகுகளில் செல்லும் பாரம்பரிய மீனவர்களும், நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்போரும் பெரிதும் நம்பியிருப்பது செவுள் வலையையே. ஆக, வெயிலால் மிகுதியாக நலிவது சிறு மீனவரின் சாதனமே என்பது கருதத்தக்கது.

கரையில் கிடக்கும் காலமே அபாயக் காலம்

வலை நீருக்குள் இருக்கும்போது அதன் மீது விழும் புற ஊதாக் கதிர் குறைவு, வெப்பமும் குறைவு. கரையிலும் படகின் மேல்தளத்திலும் கிடக்கும் நேரத்திலேயே பெரும் சேதம் நிகழ்கிறது. நம் நாட்டின் மீன்பிடித் தடைக்காலத்தை இந்நோக்கில் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் 61 நாட்கள் இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்கில் அது பெரும்பாலும் மழைக்காலம். ஆனால் ஒடிசா, ஆந்திரம் போன்ற கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் அதுவே ஆண்டின் கடும் கோடை. மீன் இனம் பெருகுவதற்காக அளிக்கப்படும் ஓய்வு, மூடாமல் விடப்பட்ட வலைக்கு இரண்டு மாதத் தண்டனையாகிவிடுகிறது. தடை நீங்கிக் கடலில் இறங்கும் முதல் நாட்களிலேயே வலை அறுந்தால், அதன் காரணத்தைக் கடலில் தேடுவதில் பயனில்லை.

இழப்பின் கணக்கு

பொருளியலில் இதைத் தேய்மானம் என்கிறோம். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் மதிப்புள்ள வலை இரண்டு ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுக்கான தேய்மானம் 30,000 ரூபாய். அதே வலை மூன்று ஆண்டுகள் உழைத்தால் அது 20,000 ரூபாயாகக் குறைகிறது. மூடுவதற்கான தார்ப்பாய்க்கும் மரச்சட்டத்துக்கும் ஆண்டுக்கு 2,000 ரூபாய் செலவிட்டாலும், 8,000 ரூபாய் மிஞ்சும். கூடுதலாக ஒரு மீனையும் பிடிக்காமல், ஒரு லிட்டர் டீசலையும் எரிக்காமல் கிடைக்கும் வருமானம் இது.

தேய்மானத்துடன் இழப்பு முடிந்துவிடுவதில்லை. நலிந்த வலை, மீன் குறைவாகச் சிக்கும் நாளில் அறுவதில்லை; நிறையச் சிக்கும் நாளிலேயே பாரம் தாங்காமல் அறுகிறது. ஆண்டில் சில நாட்களே வாய்க்கும் நல்ல பாட்டை இவ்வாறு இழப்பது சிறு மீனவரின் குடும்பத்துக்குப் பேரிடி. புதிய வலைக்காக அவர் தரகரிடம் முன்பணம் பெற்றால், பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. அறுந்து கடலில் தங்கிவிடும் வலைத் துண்டுகளோ ஆளின்றியே மீன்களையும் கடலாமைகளையும் சிக்கவைத்துக் கொல்கின்றன.

பாதுகாக்கும் முறைகள்

வலையை வெயிலிலிருந்து காப்பதற்குப் பெருஞ்செலவோ நுட்பமான கருவிகளோ தேவையில்லை. பின்வரும் முறைகள் எவராலும் கைக்கொள்ளத்தக்கவை.

1. பயன்படுத்திய பின் இயன்றவரை நன்னீரில் அலசி, உப்பையும் மணலையும் மீன் கழிவையும் நீக்க வேண்டும். கழிவு தங்கினால் எலிகள் வலையைக் கடித்துக் கெடுக்கும்.

2. உலர்த்துவது நிழலிலும் காற்றோட்டத்திலும் நடைபெற வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் வலையை விரித்து வைப்பதைவிடக் குவித்து மூடுவதே மேல். குவியலின் வெளிப்பகுதி மட்டுமே வெயில் படுவதால் உட்பகுதி காக்கப்படும்.

3. மூடும் பொருள் ஒளி புகாததாக இருத்தல் அவசியம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் மழையைத் தடுக்கும்; புற ஊதாக் கதிரைப் போதிய அளவு தடுக்காது; உள்ளே வெப்பத்தையும் தேக்கும். கெட்டியான தார்ப்பாய், தென்னங்கீற்று, பனையோலை ஆகியவை ஏற்றவை.

4. சுடுமணலிலோ சிமென்டுத் தரையிலோ நேரே வைக்காமல், மரப் பலகை அல்லது மூங்கில் பரணின் மேல் வைக்க வேண்டும்.

5. தகரக் கூரையின் அடியில் கூரையை ஒட்டி அடுக்கக் கூடாது. கூரைக்கும் வலைக்கும் இடையே காற்று உலாவ இடம் வேண்டும்.

6. படகில் வலை இருக்கும்போதும் மூடி வைக்க வேண்டும். இயந்திரத்தின் புகைக்குழாய் அருகில் வைத்தால் இழை உருகக்கூடும். மின்கலத்தின் அமிலம் நைலானை அரித்துவிடும். டீசலும் எண்ணெயும் படாமல் காத்தலும் நன்று.

7. புதிய வலை வாங்கும்போது அதே இழையில் ஒரு முழ நீளத்தை இருட்டான பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை, பயன்பாட்டில் உள்ள இழையையும் பெட்டியிலுள்ள இழையையும் கையால் இழுத்து ஒப்பிட்டால், வலையின் நலிவு கடலில் தெரிவதற்கு முன் கரையிலேயே தெரிந்துவிடும்.

மிதவைகளுக்கும் கயிறுகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். தெர்மோகோல் மிதவை வெயிலில் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள்கள் நீரையும் மாசுபடுத்தும்.

அரசும் சங்கங்களும் செய்யக்கூடியவை

2018-19ஆம் ஆண்டில் விவசாயிகளுக்கான கடன் அட்டை வசதி மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்குப் படகும் வலையும் வழங்க இடமளிக்கப்பட்டது. வலை வழங்குவதுடன் அதைக் காக்கும் ஏற்பாட்டையும் இணைத்தால், செலவிடும் பணம் நீண்ட காலம் பலன் தரும். மானிய வலையுடன் ஒளி புகாத உறை ஒன்றும், வட்டார மொழியில் ஒரு பக்கக் குறிப்பும் வழங்குவது பெரிய செலவன்று.

மீன்பிடித் துறைமுகங்களிலும் இறங்குதளங்களிலும் வலை பின்னும் கூடங்கள் கட்டப்படுகின்றன. இவை வலையைச் செப்பனிட மட்டுமன்றி, தடைக்காலத்தில் சேமித்து வைக்கவும் போதுமான அளவில் அமைய வேண்டும்; மாலை வெயில் உள்ளே விழாதபடி மேற்குப் பக்கம் மறைக்கப்படவும் வேண்டும். பராமரிப்பைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம். இழைகளுக்கான தர அளவைகளை வகுக்கும் இந்தியத் தரநிர்ணய அமைவனம் உள்ளது. ஒளியைத் தாங்கும் பொருள் சேர்க்கப்பட்டதா என்பது விற்பனைப் பொதியின் மீது தெளிவாக எழுதப்பட்டிருந்தால், வாங்குவோர் விலையை மட்டும் பார்த்து ஏமாற மாட்டார்கள்.

உற்பத்தியைப் பெருக்குவது வளர்ச்சியின் ஒரு பாதி. உள்ளதைக் காப்பது மறுபாதி. புதிய படகுக்கும் புதிய துறைமுகத்துக்கும் திட்டமிடும் நாம், மணலில் கிடக்கும் வலையின் மேல் ஒரு கூரை அமைக்கவும் திட்டமிட வேண்டும். மீன்துறை அலுவலர் ஒருவர் தம் பகுதியில் இதைத் தொடங்குவதற்குப் புதிய ஆணையோ தனி நிதியோ தேவையில்லை. அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்கு முன், ஒவ்வோர் இறங்குதளத்திலும் எத்தனை வலைகள் நிழலில் வைக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல தொடக்கமாகும்.